சோலை மண்ணில் 4 மி.கி. மணிச்சத்து: அந்த எண்ணை எப்போது நம்பலாம்?

உரம் அதிகம் பார்க்காத பாலைவனச் சோலை மண்ணை ஓல்சன் முறையில் (பைகார்பனேட் கரைசலால் பிரித்து அளப்பது) சோதித்தால், கிடைக்கும் மணிச்சத்து, அதாவது பயிருக்கு எட்டும் பாஸ்பரஸ், பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில்தான் வரும். கிலோவுக்கு 3, 4, 6 மில்லிகிராம். சுண்ணாம்பு மண்ணில் தானியப் பயிருக்கு 5-க்குக் கீழே என்றால் பற்றாக்குறை, 10-ஐத் தாண்டினால் உரம் போட்டும் விளைச்சல் பெரிதாகக் கூடாது என்பது பரவலாகப் புழங்கும் கணக்கு. ஆக, உரம் வேண்டுமா வேண்டாமா என்ற முடிவு நாலைந்து மில்லிகிராம் இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. ஆய்வக அறை பத்து டிகிரி சூடேறினாலே அந்த இடைவெளி காணாமல் போய்விடும். அந்தச் சின்ன எண்ணைச் சரியாக எடுப்பதற்கான வேலைமுறையும், அது எங்கெங்கே வழுக்கும் என்பதும்தான் இங்கே.

முதலில் ஓர் எச்சரிக்கை. இங்கே வரும் அளவுகள் எல்லாம் தனிமப் பாஸ்பரஸாகச் சொன்னவை. உர மூட்டையில் அச்சிடுவது பாஸ்பரஸ் பென்டாக்சைடு. பாஸ்பரஸைப் பென்டாக்சைடாக்க 2.29 ஆல் பெருக்க வேண்டும். அறிக்கையில் இதை எழுதாமல் விட்டால் உரக் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் பிசகும்.

பாறை நிறைய, பயிருக்குக் கொஞ்சம்

துனிசியாவின் கஃப்சா பகுதியில் பாஸ்பேட் சுரங்கங்கள் இருக்கின்றன. தெற்கே அதிக தூரம் போகாமலேயே தொசூர் பேரீச்சைச் சோலை வந்துவிடும். எகிப்தில் அபு தர்தூர் பாஸ்பேட் மேட்டுநிலம் கார்கா, தாக்லா சோலைகளுக்கு நடுவே நிற்கிறது. பாறையில் இவ்வளவு இருக்கும்போது சோலைப் பயிருக்கு ஏன் பற்றாக்குறை என்று கேட்பவர்கள் உண்டு. பாறையில் இருப்பது அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் கனிமம். அது கரைய மண்ணில் அமிலம் வேண்டும். பி.எச். 8-ஐ ஒட்டி, சுண்ணாம்பு நிறைந்து, கரைசலில் கால்சியம் ததும்பும் மண்ணில் அது கிட்டத்தட்டக் கரையவே கரையாது. அப்படிப்பட்ட மண்ணில் பாஸ்பேட் பாறைத்தூளை நேரடியாகக் கொட்டினால் வண்டி வாடகைதான் வீண்.

கரையும் உரமாகவே போட்டாலும் கதை அங்கேதான் போகிறது. மோனோகால்சியம் பாஸ்பேட் மண்ணில் விழுந்ததும் டைகால்சியமாகிறது, அங்கிருந்து மெல்ல ஆக்டாகால்சியத்துக்கும் கடைசியில் அபடைட் வகைக்கும் நகர்கிறது. கூடவே, சுண்ணாம்புத் துகளின் மேற்பரப்பில் ஒரு பங்கு ஒட்டிக்கொள்ளும். ஓல்சன் முறை அளப்பது இந்தப் பாதையின் முன்பகுதியில் இன்னும் பிடிபடாமல் இருக்கும் பங்கை. அமிலத்தால் பிரிக்கும் முறைகள் இந்த மண்ணுக்கு ஆகாது. அமிலத்தைச் சுண்ணாம்பே தின்றுவிடும். மிஞ்சும் அமிலம் செடிக்கு எட்டாத அபடைட்டையும் கரைத்து எண்ணை ஊதிக் காட்டும்.

மாதிரி எடுக்கும் இடம்

சோலையில் ஒரே தோட்டத்துக்குள் நாலு வகை மண் இருக்கும். பேரீச்சைத் தூரைச் சுற்றிய பாத்தி, பாத்திகளுக்கு நடுவே உப்புப் படியும் வரப்பு, கால்நடை எரு சேரும் வீட்டோரம், மணல் வந்து ஏறும் பாலைவன விளிம்பு. இவற்றை ஒரே வாளியில் கலந்தால் கிடைக்கும் சராசரி எந்த இடத்துக்கும் பொருந்தாது. ஒவ்வொரு வகையையும் தனி மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்கு 15 முதல் 20 குத்துகள் எடுத்து, அவற்றை மட்டும் கலக்க வேண்டும். ஆழம் 0-20, 20-40 செ.மீ. என்று இரண்டு. பாஸ்பரஸ் நீரோடு அதிகம் நகராது; எருவும் உரமும் பல வருடம் விழுந்த பாத்தியில் மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் இருக்கும் வித்தியாசமே அந்த நிலத்தின் வரலாற்றைச் சொல்லிவிடும்.

விளிம்புப் பகுதியில் காற்று கொண்டுவந்த வெறும் மணல் சில செ.மீ. போர்த்தியிருக்கலாம். அதைச் சேர்த்து எடுத்தால் மண் நீர்த்துப்போகும். வழித்துவிட்டு எடுத்தால் உண்மையான உழவு அடுக்கு கிடைக்கும். எதைச் செய்தாலும் சரி, எழுதி வையுங்கள். வாய்க்கால் தலைப்புப் பக்கம் இதற்கு நேர்மாறு. சீனாவின் தாரிம் படுகை, ஹெக்சி தாழ்வாரம் போன்ற இடங்களில் ஆற்று நீரோடு வரும் வண்டல் தலைமுறை தலைமுறையாகப் படிந்து மண்ணையே உயர்த்தியிருக்கிறது. நுண்துகளும் கரிமமும் அங்கே கூடுதல், மணிச்சத்தும் கூடவே கூடும். ஆகவே தலைப்பிலும் கடைமடையிலும் தனித்தனி மாதிரி.

சொட்டுநீர் போட்ட நிலமானால், சொட்டுவாயிலிருந்து எத்தனை செ.மீ. தள்ளி எடுத்தது என்பது கட்டாயம் வேண்டும். நீரில் கலந்து விட்ட பாஸ்பரஸ் சொட்டுவாயைச் சுற்றிச் சில செ.மீ.க்குள் முடங்கிவிடும். அங்கே ஒரு குத்து விழுந்தால் 40 காட்டும், ஒரு சாண் தள்ளி 5 காட்டும். இரண்டும் சரியான எண்கள்தான்.

உலர்த்துவதும் சலிப்பதும்

நிழலில் காற்றில் உலர்த்தினால் போதும், அடுப்பில் வேண்டாம். 105 டிகிரி சூடு கிடைக்கும் மணிச்சத்தையும் மாற்றும், ஜிப்சத்தையும் (நீர் சேர்ந்த கால்சியம் சல்பேட்) கெடுக்கும். ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய 21 சதவீதம் படிக நீர். அதன் பெரும்பகுதி அடுப்பில் போய்விடும். 20 சதவீதம் ஜிப்சம் உள்ள மண்ணை 105 டிகிரியில் வைத்து ஈரப்பதம் பார்த்தால், முற்றிலும் உலர்ந்த மண்ணுக்கே நாலு சதவீதம் ஈரம் என்று வரும். அந்த எண்ணை வைத்து எடைத் திருத்தம் செய்தால் எல்லாக் கணக்கும் சாயும். ஜிப்ச மண்ணின் ஈரப்பதத்தை 40-50 டிகிரியில், எடை மாறாத வரை வைத்துப் பாருங்கள்.

கட்டிகளை மர உருளையால் உடைத்து 2 மி.மீ. சல்லடையில் சலிக்க வேண்டும். இடித்து மாவாக்கக் கூடாது. புதிதாக உடைந்த பரப்பிலிருந்து கூடுதல் பாஸ்பரஸ் வெளியே வரும். சல்லடை மேல் நிற்கும் சரளையை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சலிக்கும்போதே சல்லடைக் கம்பியில் ஊசி ஊசியாக மினுங்கும் படிகங்கள் நின்றால், அது ஜிப்சம். நகத்தால் கீறினால் கோடு விழும், அமிலம் விட்டால் நுரைக்காது. சுண்ணாம்புத் துணுக்கானால் பொங்கும்.

ஜிப்சம் இருப்பதை உறுதிசெய்ய எளிய சோதனை உண்டு. மண்ணை நீரில் குலுக்கி வடித்து, தெளிந்த சாற்றில் சம அளவு அசிட்டோன் விடுங்கள். வெண்மையாகத் திரிந்தால் ஜிப்சம் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டாம்.

சாறு எடுப்பது

ஓல்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1954-இல் வெளியிட்ட முறை இன்றும் அடிப்படை அளவில் மாறவில்லை: 0.5 மோலார் சோடியம் பைகார்பனேட், பி.எச். 8.5, மண்ணுக்கு இருபது மடங்கு கரைசல், 30 நிமிடம் குலுக்கல். பைகார்பனேட்டிலிருந்து வரும் கார்பனேட், கரைசலிலுள்ள கால்சியத்தைச் சுண்ணாம்பாக்கிக் கீழே தள்ளிவிடுகிறது. கால்சியம் குறைந்ததும் கால்சியம் பாஸ்பேட்டில் எளிதில் கரையும் பங்கு கரைசலுக்கு வருகிறது. மேற்பரப்பில் ஒட்டியிருந்ததையும் பைகார்பனேட் இடம்பிடித்து விலக்கிவிடுகிறது.

ஒரு லிட்டருக்கு 42 கிராம் சோடியம் பைகார்பனேட். முதலில் 900 மில்லி நீரில் கரைத்து, பி.எச். மீட்டரை உள்ளே வைத்துக்கொண்டு, 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு 8.50-க்குக் கொண்டுவந்த பிறகு லிட்டராக்குங்கள். மீட்டரை 7, 10 என்ற இரண்டு பஃபரிலும் சரிபார்த்திருக்க வேண்டும்; 4, 7 மட்டும் போதாது. திறந்த பாத்திரத்தில் வைத்தால் கார்பன் டைஆக்சைடு வெளியேறி பி.எச். ஏறிக்கொண்டே போகும். எனவே கழுத்து வரை நிரம்பிய பாலித்தீன் புட்டியில், இறுக மூடி. பயன்படுத்தும் ஒவ்வொரு நாள் காலையிலும் பி.எச். பார்ப்பது பழக்கமாக வேண்டும். பாதி காலியான புட்டியைப் 'போன வாரம்தானே கலந்தது' என்று நம்பி எடுப்பதுதான் ஆய்வகங்களில் நடக்கும் மிகச் சாதாரணத் தவறு.

5.00 கிராம் மண், 250 மில்லி புட்டி, 100 மில்லி கரைசல், நிமிடத்துக்கு 200 முதல் 300 ஆட்டம், 30 நிமிடம். நிறுத்தியதும் உடனே வாட்மேன் 42 தாளில் வடிக்கவும். வடிகிற நேரத்திலும் பிரிப்பு நடந்துகொண்டேதான் இருக்கும். இருபது புட்டிகளை ஒன்றாக நிறுத்தி வரிசையாக வடித்தால் கடைசிப் புட்டிக்கு 45 நிமிடம் கிடைத்துவிடும். கையாள முடிகிற எண்ணிக்கையில் சிறு சிறு தொகுதியாகப் போடுவதே சரி. முதலில் வரும் சில மில்லியைக் கொட்டிவிடுங்கள். சோடியம் மிகுந்த மண்ணில் களிமண் பிரிந்து சாறு கலங்கி வரும். அப்படியானால் மறுபடி அதே தாளில் ஊற்றுங்கள், அல்லது மையவிலக்கியில் போடுங்கள்.

இப்போது வெப்பம். ஓல்சன் குழு கொடுத்த கணக்குப்படி, 20 முதல் 30 டிகிரிக்குள் ஒரு டிகிரி கூடினால் கிலோ மண்ணுக்கு 0.43 மி.கி. பாஸ்பரஸ் கூடுதலாகச் சாற்றுக்கு வரும். பகலில் அறை 33 டிகிரி இருக்கும்போது செய்த மாதிரி, 25 டிகிரியில் செய்ததைவிட மூன்றரை மில்லிகிராம் அதிகம் காட்டிவிடும். 4 என்பது 7 ஆகிவிடும், 'பற்றாக்குறை' 'பரவாயில்லை' ஆகிவிடும். குளிர்சாதனம் இல்லாவிட்டால், கரைசலையும் புட்டிகளையும் முதல் நாள் இரவே 25 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்து, அதிகாலையில் குலுக்கி முடித்துவிடலாம். வெப்பநிலையை வெப்பமானியால் சாற்றிலேயே அளந்து, ஒவ்வொரு தொகுதிக்கும் எழுத வேண்டும். பின்னால் கணக்கில் திருத்திக்கொள்ளலாம் என்பது கடைசி வழி மட்டுமே, ஏனென்றால் அந்த 0.43 எல்லா மண்ணுக்கும் ஒன்றுபோல் பொருந்தாது.

நிறம்

மர்ஃபி, ரைலி இருவரும் 1962-இல் கொடுத்த அஸ்கார்பிக் அமில நீல முறை. அம்மோனியம் மாலிப்டேட் 12 கிராமை 250 மில்லி நீரிலும், பொட்டாசியம் ஆன்டிமனி டார்ட்ரேட் 0.291 கிராமை 100 மில்லியிலும் தனித்தனியே கரைத்து, இரண்டையும் ஒரு லிட்டர் 2.5 மோலார் கந்தக அமிலத்தில் சேர்த்து இரண்டு லிட்டராக்கினால் முதல் கரைசல். அந்த 2.5 மோலார் அமிலத்துக்கு, லிட்டருக்குச் சுமார் 140 மில்லி அடர் கந்தக அமிலம். அமிலத்தைத்தான் நீரில் விட வேண்டும், குளிர்ந்த நீரில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு. இந்த முதல் கரைசலை இருட்டான குளிர்ந்த இடத்தில் வைக்கலாம். பயன்படுத்தும் நாளில் அதில் 200 மில்லி எடுத்து 1.056 கிராம் அஸ்கார்பிக் அமிலம் சேர்த்தால் நிறக் கரைசல். மறுநாளைக்கு உதவாது.

திட்டக் கரைசல் (ஒப்பிடுவதற்காகத் தெரிந்த அளவு பாஸ்பரஸ் உள்ளது): 105 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்திய பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.2195 கிராம், ஒரு லிட்டர். இது லிட்டருக்கு 50 மி.கி. பாஸ்பரஸ். இதில் 10 மில்லியை 250 மில்லியாக்கினால் லிட்டருக்கு 2 மி.கி. இந்த வேலைக் கரைசலிலிருந்து 0, 1, 2, 4, 6, 10 மில்லி எடுத்து 50 மில்லி குடுவைகளில் விடுங்கள். ஒவ்வொன்றிலும் மண் சேர்க்காத பைகார்பனேட் 10 மில்லி இருக்க வேண்டும். வெறும் நீரில் திட்டம் போட்டால் உப்பும் அமிலமும் ஒத்துப்போகாது.

மாதிரிக்கு 10 மில்லி சாறு. அதை நடுநிலையாக்க 2.5 மோலார் கந்தக அமிலம் சரியாக 1 மில்லி வேண்டும்: 10 மில்லியில் 5 மில்லிமோல் பைகார்பனேட், அதற்குப் பாதி அமிலம். அமிலம் விழுந்ததும் குடுவைக் கழுத்துவரை நுரை எழும். ஒரே மூச்சில் விட்டால் மாதிரி மேசைக்கு வந்துவிடும். நாலைந்து தவணையாக விட்டு, குடுவையைச் சாய்த்துச் சுழற்றி, குமிழி அடங்கும் வரை காத்திருங்கள். நீர் சேர்த்து 40 மில்லியாக்கி, நிறக் கரைசல் 8 மில்லி, பிறகு 50 வரை நீர். 15 நிமிடம் கழித்து, நீல நிறம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதை நிறமானியில் 882 நானோமீட்டரில் படிக்கவும். கியூவெட் (கருவிக்குள் வைக்கும் சிறு கலம்) சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத வாயுக் குமிழிகூட எண்ணை ஏற்றிவிடும். விரலால் தட்டிவிட்டு வையுங்கள்.

கணக்கு எளிது. குடுவையில் லிட்டருக்கு இத்தனை மி.கி. என்று வரும் செறிவை 100-ஆல் பெருக்கினால் மண்ணில் கிலோவுக்கு மி.கி. (50-ஐப் பத்தால் வகுத்து, 20-ஆல் பெருக்கியது). மேலே சொன்ன ஆறு குடுவைகளும் கிலோவுக்கு 0, 4, 8, 16, 24, 40 மி.கி. பாஸ்பரஸ் உள்ள மண்ணுக்குச் சமம்.

இங்கேதான் சோலை மண்ணின் சிக்கல் பல்லைக் காட்டுகிறது. கிலோவுக்கு 4 மி.கி. உள்ள மண்ணுக்குக் குடுவையில் இருப்பது லிட்டருக்கு 0.04 மி.கி. ஒரு செ.மீ. கியூவெட்டில் அதன் உறிஞ்சளவு 0.03-ஐ ஒட்டித்தான் வரும். கருவி 0.003 ஆடினால் பத்து சதவீதம் போச்சு. கியூவெட்டில் ஒரு விரல்ரேகை போதும், அந்த 0.003-க்கு. இரண்டு வழி உண்டு. ஐந்து செ.மீ. கியூவெட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், இதைவிட நல்லது இல்லை. இல்லாவிட்டால் சாற்றை 20 மில்லியாக்கி, அமிலத்தை 2 மில்லியாக்கி, திட்டக் குடுவைகளிலும் பைகார்பனேட்டை 20 மில்லியாக்கி, 50-ஆல் பெருக்குங்கள். இரண்டுமே செய்யாமல் 3.7, 4.2 என்று தசமத்தோடு அறிக்கை எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு குறி பார்ப்பதுதான்.

பாஸ்பரஸ் சேர்க்காத வெற்றுக் குடுவையே நீலமாக வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அமிலக் குறைவை. நடுநிலையாக்க மறந்துவிட்டால் 8 மில்லி நிறக் கரைசலில் உள்ள 10 மில்லிமோல் அமிலத்தில் கால்வாசியைப் பைகார்பனேட் தின்றுவிடும். 20 மில்லி சாறானால் பாதி. அமிலம் குறைந்தால் பாஸ்பேட் இல்லாமலே மாலிப்டேட் நீலமாகும். அடுத்தது கண்ணாடிச் சாமான்கள். பாஸ்பேட் உள்ள சோப்புத்தூள் இந்த வேலையில் கூடவே கூடாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசுங்கள். கியூவெட்டில் படியும் நீலப் படலத்தை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு எடுத்துவிடும். கரிமக் கார்பனுக்கான வாக்லி-பிளாக் சோதனையில் பாஸ்பாரிக் அமிலம் ஊற்றுகிறோம். அந்தக் குடுவையைக் கழுவி இங்கே கொண்டுவருவதை நினைத்தாலே பகீரென்கிறது. இரண்டு சோதனைக்கும் குடுவைகள் வேறு வேறு, நிறப்புள்ளி வைத்துப் பிரித்து.

எரு அதிகம் விழுந்த பாத்தி மண்ணின் சாறு தேநீர் நிறத்தில் வடியும். அமிலம் விட்டதும் பழுப்புத் திரள் தோன்றும். 882 நானோமீட்டரில் பழுப்பின் குறுக்கீடு குறைவுதான், ஆனாலும் திரள் கலங்கல் குறுக்கிடும். அதே சாறு, அதே அமிலம், நிறக் கரைசல் மட்டும் இல்லாமல் ஒரு குடுவை போட்டு அதன் உறிஞ்சளவைக் கழித்துவிடுங்கள். கரித்தூள் போட்டு நிறம் நீக்கும் பழைய வழக்கம் வேண்டுமானால், கரியை முதலில் அமிலத்தில் கழுவி வெற்றுச் சோதனையில் பாஸ்பரஸ் வரவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கிணற்று நீரில் ஆர்செனிக் உள்ள இடமானால் இன்னொரு விழிப்பு: ஆர்செனேட்டும் இதே நீலத்தைத் தரும்.

ஜிப்சம் செய்யும் வேலை

5 கிராம் மண்ணில் 20 சதவீதம் ஜிப்சம் என்றால் 1 கிராம், அதாவது 5.8 மில்லிமோல் கால்சியம். ஒவ்வொரு கால்சியமும் இரண்டு பைகார்பனேட்டைப் பிடித்துச் சுண்ணாம்பாகி, ஒரு கார்பன் டைஆக்சைடை வெளியே விடும். முழுவதும் வினைபுரிந்தால், புட்டியில் இருந்த 50 மில்லிமோலில் 11.6 காலி. மூடிய புட்டியைத் திறக்கும்போது 'புஸ்' என்று வாயு வருவது இதனால்தான். சாற்றின் பி.எச். 8.5-இலிருந்து இறங்கியிருக்கும். புதிதாகப் படிந்த சுண்ணாம்புப் பொடி, வெளிவந்த பாஸ்பேட்டைத் திரும்ப ஒட்டிக்கொள்ளவும் செய்யும். ஆக, ஜிப்ச மண்ணின் ஓல்சன் எண் உண்மையைவிடக் குறைவாக வர இடமுண்டு.

இதனால் நிறக் கட்டத்தில் அமிலம் கொஞ்சம் மிஞ்சும், ஆனால் அதற்காகப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். 10 மில்லி சாற்றில் மிஞ்சுவது அதிகபட்சம் 0.58 மில்லிமோல், நிறக் கரைசலின் 10 மில்லிமோலோடு ஒப்பிட்டால் ஆறு சதவீதம். பிரச்சினை குலுக்கும் புட்டியில்தான். குலுக்கி முடித்ததும் சாற்றின் பி.எச். பாருங்கள். 8.3-க்குக் கீழே போயிருந்தால் அதே மண்ணை 2.5 கிராம் மட்டும் எடுத்து 100 மில்லியில் மறுபடி குலுக்குங்கள். ஜிப்சம் இல்லாத மண்ணிலும் விகிதம் கூடினால் எண் ஓரளவு ஏறும். எனவே உங்களிடமுள்ள ஜிப்சம் இல்லாத ஒரு மண்ணையும் இரண்டு விகிதத்திலும் போட்டு, ஏற்றத்தை ஒப்பிட வேண்டும். ஜிப்ச மண்ணில் ஏற்றம் மிக அதிகமாக இருந்தால், வழக்கமான விகிதத்தில் வந்த எண்ணை அறிக்கையில் 'குறைமதிப்பு' என்று குறிப்போடு எழுதுங்கள்.

கூடவே எடுக்க வேண்டிய மற்ற பண்புகள்

மணிச்சத்து எண்ணை மட்டும் தனியே வைத்து எதுவும் சொல்ல முடியாது. சுண்ணாம்பு, உப்பு, கரிமம், துகளமைப்பு நான்கும் வேண்டும்.

சுண்ணாம்புக்குக் கால்சிமீட்டர் (அமிலம் விட்டு, வெளிவரும் வாயுவை அளக்கும் கருவி) போதும். சுத்தமான கால்சியம் கார்பனேட் 0.2 கிராம் 25 டிகிரியில் ஏறக்குறைய 49 மில்லி வாயு தரும். அதே நேரத்தில் அதையும் ஓட்டினால் வெப்பம், காற்றழுத்தம் பற்றிய திருத்தம் தேவையில்லை. ஐந்து நிமிடம் கழித்தும் மெல்லக் குமிழி வந்தால் டோலமைட் இருக்கிறது, பொறுத்திருங்கள். ஆனால் மொத்தச் சுண்ணாம்பு ஏமாற்றும். மணல் அளவுத் துணுக்காக 30 சதவீதம் இருக்கும் மண், நுண்பொடியாக 12 சதவீதம் இருக்கும் வண்டலைவிடக் குறைவாகவே பாஸ்பேட்டைப் பிடிக்கலாம். பிடிப்பது எடையல்ல, பரப்பு. அம்மோனியம் ஆக்சலேட்டால் 'செயல்படும் சுண்ணாம்பு' பார்க்கும் வசதி இருந்தால் அதுவே அதிகம் சொல்லும்.

உப்பை அறிய மின் கடத்துதிறனை 1:5 சாற்றில் பார்க்கும்போது ஜிப்சம் மறுபடி மூக்கை நுழைக்கும். 10 கிராம் மண்ணுக்கு 50 மில்லி நீர் என்றால், 1.3 சதவீதம் ஜிப்சம் இருந்தாலே சாறு நிறைவடைந்துவிடும்; நிறைவடைந்த ஜிப்சக் கரைசல் மட்டுமே மீட்டருக்குச் சுமார் 2.2 டெசிசீமன்ஸ் காட்டும். சோடியம் குளோரைடு ஒரு துளி இல்லாத மண்ணும் உவர் மண் போலத் தோன்றும். குளோரைடைத் தனியே அளந்தால்தான் தெளிவு.

அந்தக் குளோரைடு எண் கரிமத்துக்கும் உதவும். வாக்லி-பிளாக் சோதனையில் குளோரைடும் டைகுரோமேட்டைத் தின்று கரிமம் போல நடிக்கும். குளோரைடு சதவீதத்தைப் பன்னிரண்டால் வகுத்துக் கழிக்க வேண்டும். கரிமம் 0.45 சதவீதம் என்று வந்த மண்ணில் குளோரைடு 1.2 சதவீதம் இருந்தால், உண்மை 0.35 தான். 'உப்பு மண்ணில் கரிமம் கூடுதல், அதனால் மணிச்சத்தும் கூடுதல்' என்று வரும் அழகான வரைபடங்களில் சில இந்தக் கழித்தலை மறந்ததால் பிறந்தவை. கரிமம் குறைந்த மண்ணென்பதால் 1 கிராமுக்குப் பதில் 2 கிராம் எடுப்பது நல்லது.

துகளமைப்பில் ஹைட்ரோமீட்டர் வைத்த சில நிமிடத்திலேயே குடுவை பளிச்சென்று தெளிந்துவிட்டால் மகிழ வேண்டாம். ஜிப்சம் களிமண்ணைத் திரட்டிக் கீழே இறக்கியிருக்கிறது. உப்பையும் ஜிப்சத்தையும் கழுவி நீக்கிவிட்டு மறுபடி செய்ய வேண்டும்.

எவ்வளவு பிடித்துக்கொள்ளும்?

உரப் பரிந்துரைக்கு ஓல்சன் எண்ணைவிட இந்தச் சோதனை பயன். காற்றில் உலர்ந்த மண் 100 கிராம், மூடியில் சிறு துளையுள்ள டப்பாவில். லிட்டருக்கு 500 மி.கி. பாஸ்பரஸ் உள்ள கரைசல் (பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 2.195 கிராம், ஒரு லிட்டர்) 10 மில்லியைப் பரவலாகத் தெளித்துக் கலக்குங்கள். இது கிலோவுக்கு 50 மி.கி. சேர்த்ததற்குச் சமம். மணல் சார்ந்த மண்ணுக்கு அந்த 10 சதவீத ஈரம் ஏற்றது. வண்டல் மண்ணானால் கூடுதலாக வெறும் நீர் சேர்க்கவும். ஒப்பீட்டுக்கு இன்னொரு டப்பாவில் பாஸ்பேட் இல்லாமல் அதே அளவு நீர். 25 டிகிரியில் வைத்து, எடை பார்த்து ஈரம் நிரப்பி, 1, 7, 28-ஆம் நாட்களில் இரண்டிலிருந்தும் ஓல்சன் எடுங்கள். எடுக்கும் மண்ணின் ஈரத்துக்கு எடைத் திருத்தம் உண்டு.

முதல் நாளில் கூர்மையாக இறங்கும், பிறகு சரிவு மெல்லப் படுக்கும். 28-ஆம் நாள் இரண்டு டப்பாக்களுக்கும் வித்தியாசம் 15 மி.கி. என்று வந்தால், சேர்த்த 50-இல் மீட்பு 30 சதவீதம். வசதியிருந்தால் மூன்றாவது டப்பாவை அந்தச் சோலையின் பாசன நீரிலேயே ஈரமாக்குங்கள். கால்சியம் மிகுந்த நீர் மீட்பை எவ்வளவு குறைக்கிறது என்று தெரிந்துவிடும்.

இனி எக்டேர் கணக்கு. 20 செ.மீ. ஆழம், கன அடர்த்தி 1.5 என்றால் எக்டேருக்கு 3,000 டன் மண். சரளை எடையை இதில் கழிக்கவும். கிலோவுக்கு 1 மி.கி. என்பது எக்டேருக்கு 3 கிலோ. ஓல்சன் எண்ணை 4-இலிருந்து 14-க்கு ஏற்ற, 30 சதவீத மீட்பில், கிலோவுக்கு 33 மி.கி. சேர்க்க வேண்டும்: எக்டேருக்கு 100 கிலோ பாஸ்பரஸ், அதாவது 229 கிலோ பென்டாக்சைடு. நிலம் முழுக்கத் தூவ இது கட்டுபடியாகாது. வேர் மண்டலத்தில் ஐந்தில் ஒரு பங்கு மண்ணில் மட்டும் பட்டையாகவோ தூரைச் சுற்றிக் குழியாகவோ வைத்தால் தேவை ஐந்தில் ஒன்று. மண்ணோடு நன்றாகக் கலந்துவிடாமல் செறிவாக வைப்பதே நோக்கம். கலக்கக் கலக்கப் பிடிபடும்.

கந்தகமோ அமிலமோ போட்டு மண்ணின் பி.எச்.சையே இறக்கிவிடலாம் என்ற யோசனை அடிக்கடி வரும். 20 சதவீதச் சுண்ணாம்பு உள்ள அந்த 3,000 டன்னில் 600 டன் சுண்ணாம்பு இருக்கிறது. அதைக் கரைக்க எக்டேருக்கு ஏறக்குறைய 590 டன் கந்தக அமிலம் வேண்டும். பட்டைக்குள், ஒரு கையகல இடத்தில் சில வாரங்களுக்கு வேண்டுமானால் அமில உரம் உதவும். எரு அப்படியல்ல. அதிலுள்ள பாஸ்பரஸ் மெல்ல வெளிவருகிறது, கரிம அமிலங்கள் சுண்ணாம்புப் பரப்பை மறைத்துப் பிடிப்பைக் குறைக்கின்றன. பழைய சோலைகளில் வீட்டோரப் பாத்தி மட்டும் 30, 40 காட்டுவது எருவின் கைங்கரியம். அங்கே இன்னும் உரம் கேட்டு வந்தால் கொடுக்க வேண்டாம்.

சொட்டுநீரில் பாஸ்பேட் விடுவதாக இருந்தால் அதற்கு முன் ஒரு ஜாடிச் சோதனை. பாசன நீர் ஒரு லிட்டர், விடப்போகும் அதே செறிவில் உரம், இரண்டு மணி நேரம் அசையாமல் வையுங்கள். கறுப்புத் தாளைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். பால்போல் மங்கினாலோ அடியில் வெள்ளை படிந்தாலோ, அது கால்சியம் பாஸ்பேட். சொட்டுவாயிலும் அதேதான் படியும். அமிலத்தன்மை உள்ள யூரியா பாஸ்பேட் அல்லது பாஸ்பாரிக் அமிலத்தில் அதே சோதனையைத் திரும்பச் செய்து, தெளிவாக நின்றால் மட்டும் குழாயில் ஏற்றுங்கள். முடிந்ததும் அரை மணி நேரம் வெறும் நீர் ஓடட்டும்.